ஒரே கண்மாயில் நாலு ட்ரோன்: சிக்னல் மோதாமல் பறக்கவிட முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றி ட்ரோன் வைத்திருப்பவர்கள் கூடுவதற்கு ஏற்ற இடம் என்றால் கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாய்தான். மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஊருக்கு ஒன்று இருக்கும். ஆள் நடமாட்டம் குறைவு, மின்கம்பி குறைவு, விழுந்தாலும் தேடி எடுத்துவிடலாம். தனியாகப் போனால் சிக்னலைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. இரண்டாவது ஆள் வந்து பேட்டரியைச் சொருகுகிற நிமிடத்திலிருந்து யோசித்தாக வேண்டும்.

இரண்டு பேர் சேர்ந்து பறக்கவிடும்போது ட்ரோனிலிருந்து வரும் நேரடிப் படம் போனால் பலரும் உடனே விலை கூடிய வீடியோ டிரான்ஸ்மிட்டரையோ பெரிய ஆன்டெனாவையோ தேடுகிறார்கள். என் கணக்கில் அது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். யார் எந்தச் சேனலில், எவ்வளவு பவரில், எந்த வரிசையில் சொருகுகிறார்கள் என்பதைத் தரையில் நிற்கும்போதே பேசி முடித்துவிட்டால், சாதாரண சாமானை வைத்துக்கொண்டே மூன்று பேர் நிம்மதியாகப் பறக்கவிடலாம். அந்தப் பேச்சை எப்படி நடத்துவது, அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

சிக்னலுக்கு முன்னால் அனுமதி. மதுரை விமான நிலையம் நகருக்குத் தெற்கே இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 200 அடிக்கு மேல் போக விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். அதற்கு வெளியே பச்சை மண்டலமாக (முன் அனுமதி தேவைப்படாத பகுதியாக) இருந்தால் 400 அடி வரை போகலாம். அவனியாபுரம், திருப்பரங்குன்றம் எல்லாம் 8 கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே அங்கே கூட்டம் போட்டுப் பறக்கவிடும் யோசனையே வேண்டாம். மீனாட்சியம்மன் கோயில் சுற்றுப்புறத்திலும் வேண்டாம். கிளம்புவதற்கு முன் அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்தக் கண்மாய் எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் சிக்னலுக்கும் பங்குண்டு. யானைமலை, நாகமலை போன்ற பாறைச் சரிவுகளுக்குப் பக்கத்தில் அலை பாறையில் பட்டுத் திரும்பி வரும். நேராக வரும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்போது படம் விட்டு விட்டு வரும். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயில் வேறு பிரச்சினை. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இலை தழை ஆகாது, உறிஞ்சிக்கொள்ளும். இந்த இரண்டிலும் படம் போவதற்குப் பக்கத்து ஆள் காரணமே இல்லை. அவரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதை நினைவில் வையுங்கள்.

படி 2: உங்கள் ட்ரோனுக்குள் எத்தனை ரேடியோ என்று தெரிந்துகொள்ளுங்கள்

எஃப்.பி.வி. ட்ரோன் என்றால், அதன் கேமரா காட்டும் படத்தைக் கண்ணில் மாட்டும் காகிள்ஸில் பார்த்தபடியே ஓட்டுவது. அதில் குறைந்தது இரண்டு ரேடியோ இருக்கும். ரிமோட்டிலிருந்து ட்ரோனுக்குக் கட்டளை போவது ஒன்று. இது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், சிலரிடம் 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. ட்ரோனிலிருந்து உங்கள் காகிள்ஸுக்குப் படம் வருவது இன்னொன்று, பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸ். ஜி.பி.எஸ். பொருத்தியிருந்தால் 1575.42 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு ரிசீவரும் உண்டு.

கேமரா ட்ரோன்களின் சங்கதி வேறு. டிஜேஐ நிறுவனத்தின் மினி, ஏர், மேவிக் வகையறாக்கள் கட்டளையையும் படத்தையும் ஒரே இணைப்பில் அனுப்புகின்றன. 2.4, 5.8 இரண்டிலும் நெரிசல் குறைந்த இடத்தைத் தானாகவே தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும் ரகங்களும் இதில் உண்டு. அதை ஓட்டுபவருக்கு இது வசதி. பக்கத்தில் அனலாக் எஃப்.பி.வி. ஓட்டுபவருக்குத் தலைவலி, ஏனென்றால் அது எப்போது தன் சேனல்மேல் வந்து உட்காரும் என்று அவரால் சொல்ல முடியாது.

இதற்கு எளிய தீர்வு ஒன்று இருக்கிறது. கேமரா ட்ரோன் வைத்திருப்பவர் ஆப்பின் டிரான்ஸ்மிஷன் பகுதிக்குப் போய், ஆட்டோவை எடுத்துவிட்டு 2.4 என்று நிலையாக வைக்க வேண்டும். 5.8 முழுவதும் எஃப்.பி.வி.காரர்களுக்குக் கிடைத்துவிடும். கண்மாய் மாதிரி இடத்தில் வீட்டு வைஃபை இருக்காது என்பதால் 2.4-ல் கேமரா ட்ரோனுக்கும் பெரிய நஷ்டமில்லை. ஊருக்குள் என்றால் இதையே கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. அங்கே 2.4 நிரம்பி வழியும்.

படி 3: சேனல் பங்கீடு

இதில்தான் நிதானமாக உட்கார வேண்டும்.

அனலாக் வீடியோ டிரான்ஸ்மிட்டரில் ஏ, பி, ஈ, எஃப், ரேஸ்பேண்ட் என்று ஐந்து பேண்டுகள், ஒவ்வொன்றிலும் எட்டுச் சேனல். ஆக மொத்தம் 40. 'நாற்பது இருக்கிறதே, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம்' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இவை ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றன. ஏ பேண்டின் 4-வது சேனல் 5805, ரேஸ்பேண்டின் 5-வது சேனல் 5806, பி பேண்டின் 5-வது 5809. பெயர் மூன்று, இடம் ஒன்று. அதனால் 'நான் ஏ நாலு, நீ ஆர் அஞ்சு' என்று பேசிக்கொள்வதில் பயனில்லை. எப்போதும் மெகாஹெர்ட்ஸ் எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். எண்கள் அடங்கிய அட்டவணையைப் போனில் ஒரு படமாக வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு அனலாக் படம் கிட்டத்தட்ட 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு பேருக்கு இடையே 40 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டால் நல்லது. ரேஸ்பேண்டில் 5658-ல் தொடங்கி 5917 வரை எட்டுச் சேனலும் 37 மெகாஹெர்ட்ஸ் சம இடைவெளியில் இருக்கும். பார்க்க அழகான ஏற்பாடு. அந்தச் சம இடைவெளியில்தான் வில்லங்கமும் இருக்கிறது.

இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே ஓடும்போது, அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, யாரும் அனுப்பாத புது அலைகள் பிறக்கும். இவற்றைக் கழிவு அலை என்று வைத்துக்கொள்வோம். எங்கே பிறக்கும் என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம்: ஒன்றை இரண்டால் பெருக்கி, மற்றதைக் கழியுங்கள். ரேஸ்பேண்ட் 3 என்பது 5732, ரேஸ்பேண்ட் 4 என்பது 5769. 5732-ஐ இரட்டித்து 5769-ஐக் கழித்தால் 5695. அது ரேஸ்பேண்ட் 2. மாற்றிப் போட்டு, 5769-ஐ இரட்டித்து 5732-ஐக் கழித்தால் 5806. அது ரேஸ்பேண்ட் 5. இரண்டு பேர் 3-லும் 4-லும் பறக்கவிடுகிறார்கள் என்றால், 2-லும் 5-லும் இருப்பவர்களின் படத்தில் காரணமே தெரியாமல் கோடு விழும். அவர்கள் சேனலில் வேறு யாருமே இருக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பந்தயக்காரர்கள் ஐந்து பேருக்கு 5658, 5695, 5760, 5800, 5885 என்று ஏறுக்குமாறான இடைவெளியில் ஒரு தொகுப்பை வைத்திருக்கிறார்கள். எந்த இரண்டை எடுத்துக் கணக்குப் போட்டாலும் கழிவு அலை மற்ற மூன்றிலிருந்து 20 மெகாஹெர்ட்ஸாவது தள்ளியே விழும். வேண்டுமானால் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

நம் ஊருக்கு இன்னொரு வரம்பும் சேர்கிறது. இந்தியாவில் 2018-ல் வந்த அறிவிப்பு 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது 5725 முதல் 5875 வரை. ரேஸ்பேண்ட் 7 (5880), 8 (5917) இரண்டும் அதைத் தாண்டிவிடுகின்றன. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் ஆறு பேர் தொகுப்பை அப்படியே எடுத்துப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி, 150 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் எத்தனை பேர்? மூன்று பேர் தாராளமாக. நான் பரிந்துரைப்பது எஃப் பேண்டிலிருந்து மூன்று: எஃப் 1 (5740), எஃப் 3 (5780), எஃப் 7 (5860). மூன்றும் ஒரே பேண்ட் என்பதால் புதிதாக வருபவருக்கும் குழப்பம் இருக்காது. கணக்குப் போட்டால் கழிவு அலைகள் 5620, 5700, 5820, 5940, 5980 என்று விழுகின்றன. யாருடைய சேனலுக்கும் 40 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒன்றுகூட வரவில்லை.

நாலாவது ஆள் வந்தால், நடுவில் காலியாகத் தெரியும் எஃப் 5-ஐப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அது 5820. கழிவு விழுகிற அதே இடம். நாலாவது ஆள் காத்திருந்து, ஒருவர் இறங்கிய பிறகு அவருடைய சேனலை வாங்கிக்கொள்வதுதான் சரி. ஒரு பேட்டரி ஓடுவது ஐந்தாறு நிமிடம். காத்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

டிஜிட்டல் எஃப்.பி.வி. வைத்திருப்பவர் இருந்தால் கணக்கை மாற்ற வேண்டும். டிஜேஐ மாதிரியான டிஜிட்டல் முறைகள் 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடும். கூட்டத்தில் 40-ஐத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஆள் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். 20-க்கு மாற்றச் சொல்லுங்கள், ஆட்டோ சேனலை அணைக்கச் சொல்லுங்கள். அனலாக்கில் குறுக்கீடு வந்தால் கோடு, பூச்சி என்று கண்ணுக்குத் தெரியும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை குறைவு. படம் கட்டம் கட்டமாகி, தாமதமாகி, உறைந்து நின்றுவிடும். டிஜிட்டல்காரர் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து அனலாக்காரர் திணறிக்கொண்டிருக்கலாம். அதனால் பங்கீடு செய்யும்போது டிஜிட்டல்காரரை ஒரு ஓரத்தில், 5860 பக்கம் வைத்துவிடுங்கள்.

படி 4: எல்லோரும் பவரைக் குறையுங்கள்

800 மில்லிவாட் டிரான்ஸ்மிட்டர் வாங்கியவருக்கு அதை 25-ல் வைக்க மனசே வராது. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? தூரம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் பவர் நாலு மடங்கு வேண்டும். 25-லிருந்து 800-க்குப் போனால் பவர் 32 மடங்கு, தூரம் ஆறு மடங்குக்கும் குறைவு. ஒரு கண்மாயின் அகலத்துக்கு அந்த ஆறு மடங்கு தேவையே இல்லை. பக்கத்து ஆளுக்குப் போகும் தொந்தரவு மட்டும் 32 மடங்கு. ஒருவர் பவரைக் கூட்டினால் அடுத்தவருக்குப் படம் கெடும். அவரும் கூட்டுவார். கடைசியில் எல்லோரும் 800-ல் ஓட்டி, எல்லோருக்கும் பழைய படமேதான் கிடைக்கும், டிரான்ஸ்மிட்டர் சூடானதுதான் மிச்சம்.

மூன்று பேர் சேர்ந்து ஓட்டினால் எல்லோரும் 25 மில்லிவாட், இடம் விரிந்து கிடந்தால் எல்லோரும் 200. 'எல்லோரும் ஒன்று' என்பதுதான் இதில் முக்கியம்.

படி 5: ஆன்டெனா

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காளான் வடிவ ஆன்டெனாக்களில் வலஞ்சுழி, இடஞ்சுழி என்று இரண்டு ரகம். ட்ரோனிலும் காகிள்ஸிலும் ஒரே சுழி இருக்க வேண்டும். அடுத்தடுத்த சேனலில் இருக்கும் இருவரில் ஒருவர் வலம், ஒருவர் இடம் என்று அமைத்தால் குறுக்கீடு கணிசமாகக் குறையும். ஆனால் இதை முழுதாக நம்பிவிடக் கூடாது. பாறையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பும் அலை சுழி மாறிவிடும்.

ஆன்டெனா இல்லாமல் டிரான்ஸ்மிட்டருக்குப் பவர் கொடுக்காதீர்கள், எரிந்துபோகும். ட்ரோனுக்குள் வீடியோ ஆன்டெனாவையும் ரிசீவர் ஆன்டெனாவையும் ஒரே ஜிப் டையில் சேர்த்துக் கட்டாதீர்கள். ஒன்று வாலில், ஒன்று முன்கையில் இருக்கட்டும். ஜி.பி.எஸ். தட்டையும் வீடியோ டிரான்ஸ்மிட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்து ஆள்மேல் போடும் பழியில் ஒரு பகுதி உங்கள் ட்ரோனுக்குள்ளேயே உங்கள் கையால் உண்டானதாக இருக்கும்.

படி 6: ரிமோட் பக்கம்

இங்கே பயம் குறைவு. 2.4-ல் ஓடும் இன்றைய ரிமோட்டுகள் ஒரே அலைவரிசையில் நிற்பதில்லை. நொடிக்குப் பலமுறை இடம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் தற்செயலாக ஒரே இடத்தில் இறங்கினாலும் அடுத்த நொடியின் ஒரு துணுக்குக்குள் பிரிந்துவிடுவார்கள். எட்டுப் பத்துப் பேர் ஒன்றாக ஓட்டினாலும் தாங்கும்.

இருந்தாலும் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரிமோட் முறையை வைத்திருப்பவர்கள் தங்கள் ரிமோட்டுக்கும் ரிசீவருக்கும் ஒரு பைண்டிங் சொல்லைப் போட்டு வைப்பார்கள். அந்தச் சொல்லிலிருந்துதான் அலை எந்த வரிசையில் தாவ வேண்டும் என்பதே பிறக்கிறது. இரண்டு பேர் 'மதுரை' என்றோ, ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த அதே சொல்லையோ போட்டிருந்தால், ஒருவர் ரிமோட்டுக்கு இன்னொருவர் ட்ரோன் பதில் சொல்லும். யாருக்கும் தோன்றாத நீளமான சொல்லாகப் போடுங்கள். நண்பர் கட்டிக்கொடுத்த ட்ரோன் என்றால் அவருடைய சொல் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

900 மெகாஹெர்ட்ஸ் வகை வைத்திருந்தால் நாட்டு அமைப்பைச் சரிபாருங்கள். நமக்கு உரிமம் இல்லாமல் கிடைப்பது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சிறு பட்டைதான். அமெரிக்காவின் 915 அமைப்பிலேயே விட்டுவிட்டால் அது நம் மொபைல் போன்கள் டவருக்குப் பேசும் பகுதியில் ஏறிவிடும். அது சட்டத்துக்கும் ஒவ்வாது, டவர் பக்கத்தில் உங்கள் ட்ரோனுக்கும் ஒவ்வாது.

மூன்றாவது ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. ப்ராப்பை (விசிறியை) கழற்றிவிட்டு, ஆர்ம் செய்து (மோட்டாரை ஓடத் தயாராக்கி), ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும், அல்லது ஜி.பி.எஸ். வைத்துத் திரும்பும்படி அமைத்திருந்தால் அந்த நிலைக்குப் போக வேண்டும். எதுவும் ஆகாமல் மோட்டார் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், அந்த ட்ரோனை நாலு பேர் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவரவே கூடாது.

படி 7: நிற்கும் இடமும் துணி கிளிப்பும்

ஓட்டுபவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில், ஆளுக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நில்லுங்கள். தனித்தனி மூலையில் நின்றால் ஒருவர் கத்துவது இன்னொருவருக்குக் கேட்காது. பேட்டரி சொருகும் இடம், ஏறும் இடம், இறங்கும் இடம் மூன்றும் இந்த வரிசையிலிருந்து 15, 20 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். காரணத்தை ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

ஒருவர் 400 மீட்டர் தொலைவில் 200 மில்லிவாட்டில் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் காகிள்ஸிலிருந்து 2 மீட்டரில் இன்னொருவர் 25 மில்லிவாட்டில் தன் ட்ரோனுக்குப் பேட்டரி போடுகிறார். தூரம் 200-ல் ஒரு பங்கு என்பதால் 46 டெசிபெல் கூடுதல். பவர் எட்டில் ஒரு பங்கு என்பதால் 9 டெசிபெல் குறைவு. மிச்சம் 37 டெசிபெல். அதாவது அந்தச் சின்ன 25 மில்லிவாட், தொலைவில் பறக்கும் ட்ரோனைவிட ஐயாயிரம் மடங்கு பலமாக அவர் காகிள்ஸில் வந்து விழுகிறது. இருவரும் ஒரே சேனல் என்றால் அவர் படம் போய், தரையும் செருப்புக் காலும் தெரியும். வேறு சேனலாக இருந்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. மைக்செட் குழாய்க்குக் கீழே நின்று போன் பேசுகிற கதைதான். 20 மீட்டர் தள்ளிப் போய்ச் சொருகினால் இதில் 20 டெசிபெல் அப்படியே குறைந்துவிடும்.

இப்போது துணி கிளிப். இடம் மாறித் தாவும் ரிமோட்டுகள் வருவதற்கு முன்னால், ரேடியோ விமானம் ஓட்டியவர்கள் ஒரு பலகையில் சேனலுக்கு ஒரு கிளிப் மாட்டி வைத்திருப்பார்கள். கிளிப் கையில் இருப்பவர் மட்டுமே ரிமோட்டை ஆன் செய்யலாம். அந்தப் பழைய வழக்கம் இன்றைய அனலாக் வீடியோவுக்கு அப்படியே பொருந்தும். மூன்று கலரில் மூன்று கிளிப், ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் 5740, 5780, 5860. பைக் கண்ணாடியிலோ பை வாரிலோ மாட்டி வையுங்கள். எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டவர் சொருகலாம். இறக்கி, பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் கிளிப் திரும்பி வரும். கிளிப் இல்லை என்றால் பேட்டரி இல்லை. வாட்ஸ்ஆப் குழுவில் எழுதி வைப்பதைவிட இது மேல். பறக்கவிடும் நேரத்தில் போனை எடுத்துப் பார்ப்பவர் யாரும் கிடையாது.

படி 8: சொருகுவதற்கு முன்

முதலில் காகிள்ஸை மட்டும் போட்டு, யாருடைய ட்ரோனும் ஓடாத நேரத்தில் உங்கள் சேனலைப் பாருங்கள். சுத்தமான பூச்சி மட்டும் தெரிந்தால் இடம் காலி. மங்கலாகக் கோடு ஓடினால் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. வயர்லெஸ் பிராட்பேண்டுக்காக மொட்டைமாடியிலும் கம்பத்திலும் மாட்டியிருக்கும் சின்னத் தட்டுகள் இதே 5.8-ல் ஓடுவதுண்டு. ஊருக்கு அருகில் இருக்கும் கண்மாய் என்றால் அந்தத் தட்டு பார்க்கும் திசையில் நிற்காமல் நகர்ந்து நில்லுங்கள். போனில் இருக்கும் வைஃபை ஆப் இதற்கு அரைகுறையாகத்தான் உதவும். வைஃபையை மட்டும் காட்டும், அனலாக் வீடியோவை அதற்குத் தெரியாது.

ட்ரோனுக்குள் ஓடும் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டில், ஆர்ம் செய்யும் வரை வீடியோ டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த பவரிலேயே வைத்திருக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை எல்லோரும் போட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தரையிலேயே முடிந்துவிடும். பிட் மோட் (மிகக் குறைந்த பவரில் மட்டும் அனுப்பும் நிலை) உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தலாம். இரண்டையும் நம்பிக் குரல் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். சில டிரான்ஸ்மிட்டர்கள் பவர் வந்தவுடன் முதல் ஓரிரு நொடி பழைய சேனலில் எழும்பிவிட்டுத்தான் புது அமைப்புக்கு வரும்.

அதனால் குரல் கொடுக்க வேண்டும்.

"அண்ணே, 5780-ல பவர் போடுறேன்."

"இரு தம்பி, மேல ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் இறங்கட்டும்."

"சரிண்ணே."

பதில் வராமல் சொருகக் கூடாது. ஓட்டுபவருக்குக் காகிள்ஸுக்குள் கவனம் இருக்கும், காதில் விழாது. அதனால் காகிள்ஸ் போடாத ஒருவர் பக்கத்தில் நின்று பதில் சொல்லட்டும். வானத்தில் கழுகு, மாடு மேய்ப்பவர், திடீரென்று வரும் இன்னொரு ட்ரோன் எல்லாவற்றையும் பார்ப்பதும் அவர் வேலைதான். வேடிக்கை பார்க்க வந்திருப்பவர்களிடம் ஹாட்ஸ்பாட்டை அணைக்கச் சொல்லுங்கள். ட்ரோனில் கட்டியிருக்கும் ஆக்‌ஷன் கேமராவின் வைஃபையையும் அணையுங்கள், அது ரிசீவருக்கு அரையடி தூரத்தில் 2.4-ல் கத்திக்கொண்டிருக்கும்.

படி 9: மேலே இருக்கும்போது படம் போனால்

எது போனது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். படத்தில் கோடு விழுகிறது, இன்னொருவர் படம் ஊடே தெரிகிறது, ஆனால் லிங்க் குவாலிட்டி எண் (ரிமோட் இணைப்பின் தரத்தைக் காட்டுவது) நன்றாக இருக்கிறது என்றால் ட்ரோன் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. த்ராட்டிலைச் சட்டென்று வெட்டாதீர்கள். ட்ரோன் தானே சமநிலைக்கு வரும் ஆங்கிள் மோடுக்கு மாற்றி, கொஞ்சம் உயரம் ஏற்றி, "படம் போச்சு!" என்று சத்தமாகச் சொல்லுங்கள். கடைசியாகச் சொருகியவர் எவரோ அவர் மறுபேச்சில்லாமல் உடனே கழற்ற வேண்டும். தன்னால்தானா என்ற விசாரணை பிறகு. பெரும்பாலும் அந்த நொடியே படம் திரும்பிவிடும்.

திரும்பாவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் கண்ணை வைத்து இறக்குங்கள். காகிள்ஸில் அடுத்தவர் படம் தெளிவாகவே தெரிந்தால் அதைப் பார்த்து ஸ்டிக்கை அசைக்கவே கூடாது. நீங்கள் திருப்புவது உங்கள் ட்ரோன், பார்ப்பது அவருடையது.

லிங்க் குவாலிட்டியே விழுந்தால் அது ரிமோட் பக்கப் பிரச்சினை. உங்கள் பக்கமாகத் திருப்பி, உயரத்தைக் கூட்டுங்கள். கண்மாய்க் கரைக்கு அந்தப்புறம் இறங்கிவிட்டால் கரை மண்ணே சிக்னலை மறைக்கும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் எண்ணிக்கை மட்டும் குறைந்தால், தானாகத் திரும்பும் வசதியை அந்த நேரத்தில் நம்பாமல் கையால் ஓட்டி வாருங்கள்.

படி 10: வயலும் கல்யாண மண்டபமும்

பெரியாறு பாசனத்தில் நெல் இருக்கும் மாதங்களில் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓடும். பத்து லிட்டர் மருந்தோடு பறக்கும் அந்த ட்ரோன் உங்கள் ஐந்தங்குல ட்ரோனைவிடப் பல மடங்கு கனம். அதன் சத்தம் கேட்டால் நீங்கள் இறக்கிவிடுங்கள். யார் முதலில் வந்தார்கள் என்ற பேச்சு அங்கே வேண்டாம். அவரிடம் போய் எந்த அலைவரிசை, எவ்வளவு நேரம் ஆகும், சிக்னல் போனால் எந்த உயரத்தில் திரும்பும் என்று கேளுங்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. திரும்பி வரும்படி அமைத்த ட்ரோன் சிக்னல் போனால் அங்கேயே நிற்காது. அமைத்து வைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் கிளம்பிய இடத்துக்கு வரும். குறுக்கீடு ஒரே நேரத்தில் இரண்டு ட்ரோனைத் தாக்கினால் இரண்டும் ஏறும், இரண்டும் ஒரே இடத்தை நோக்கி வரும். இரண்டுக்கும் உயரம் 30 மீட்டர் என்று இருந்தால் நடுவானில் சந்திக்கும். கூட்டமாகப் பறக்கவிடும்போது ஒருவர் 30, ஒருவர் 40, ஒருவர் 50 என்று பிரித்து வையுங்கள். பனைமரம் 30 மீட்டர் வரை வளரும் என்பதால், பனை நிற்கும் கரையில் 40-ல் தொடங்குங்கள். விமான நிலையத்தின் 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்துக்குள் இருந்தால் மேல் எல்லை 200 அடி, அதாவது 60 மீட்டர் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கல்யாணத்தில் பெண் வீட்டார் ஒரு வீடியோகிராஃபர், மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் என்று ஆளுக்கொரு ட்ரோனோடு வந்து நிற்பதும் உண்டு. மண்டபத்தில் வைஃபை, நூற்றுக்கணக்கான போன், எல்.இ.டி. திரை எல்லாம் சேர்ந்து 2.4 அடைத்துக் கிடக்கும். கண்மாயில் சொன்னதற்கு நேர்மாறாக இங்கே கேமரா ட்ரோனை 5.8-ல் நிலையாக வைப்பது நல்லது. இரண்டு ட்ரோன் என்றால் ஆப்பின் சேனல் வரைபடத்தைப் பார்த்து ஒருவர் கீழ் ஓரம், ஒருவர் மேல் ஓரம் என்று கையால் தேர்ந்தெடுங்கள். அதைவிட எளிது, மாப்பிள்ளை அழைப்பை ஒருவர் எடுத்து முடித்து இறக்கிய பிறகு மற்றவர் ஏற்றுவது. காட்சியை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். மண்டப வாசலில் காரிலிருந்து சாமான் இறக்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும், மேளம் தொடங்கிவிட்டால் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது.